அந்த லிஸ்ட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு வரைங்க

அக்டோபர் முதல் தேதி ராத்திரி பத்து மணிக்கு மேல உங்க ஃபோன்ல ஸ்டேட்டஸ்களைத் தள்ளிப் பாருங்க. நம்ம காலேஜ்ல குறைஞ்சது நாலு பேராவது ஒரு கறுப்பு வெள்ளைப் படம் போட்டிருப்பாங்க. கீழே "இங்க்டோபர் டே 1". பத்தாம் தேதி அதே நாலு பேரைத் தேடுங்க. ஒருத்தர் மிஞ்சினா அதிகம். 2024-ல காணாமப் போனவங்கள்ல நானும் ஒருத்தன். எட்டாவது நாளோட நின்னுட்டேன். ஏன் நின்னேன்னு யோசிச்சப்போ, அது சோம்பேறித்தனம் மட்டும் இல்லைன்னு தெரிஞ்சது. அதைத்தான் இங்க எழுதுறேன். இந்த வருஷம் பேனாவை எடுக்கப் போறவங்க படிச்சுட்டு எடுங்க.

தெரியாதவங்களுக்காக நாலு வரி. 2009-ல ஜேக் பார்க்கர்னு ஒரு அமெரிக்க ஓவியர், தன்னோட மை வேலை சரியா வரலைன்னு, அதைச் சரி பண்ண தனக்குத்தானே வெச்சுக்கிட்ட பயிற்சி இது. அக்டோபர்ல 31 நாள், 31 மைப் படம். அது பரவி உலகம் முழுக்கப் போச்சு. 2016-ல இருந்து ஒவ்வொரு வருஷமும் ஒரு லிஸ்ட் வருது, நாளுக்கு ஒரு வார்த்தை. 2019-ல அந்தப் பேருக்கு ட்ரேட்மார்க் வாங்கினதை வெச்சு ஓவியர்களுக்குள்ள பெரிய சண்டையும் நடந்தது. அந்தக் கதை இப்போ வேண்டாம். ஆனா ஒண்ணு கவனிங்க: முதல்ல ஆரம்பிச்சவர் தன்கிட்ட இருந்த ஒரு குறையைப் பார்த்துட்டு ஆரம்பிச்சார். நாம அடுத்தவன் ஸ்டேட்டஸைப் பார்த்துட்டு ஆரம்பிக்கிறோம்.

2024 லிஸ்ட்ல முதல் நாள் பேக்பேக். அது சுலபம், கட்டிலுக்குக் கீழயே கிடந்தது. மூணாவது நாள் பூட்ஸ். நான் வாழ்க்கையில பூட்ஸ் போட்டது ஒர்க்‌ஷாப் லேபுக்காக மட்டும்தான், அதுவும் சீனியர்கிட்ட வாங்கினது. ஆனா வரைஞ்சது அதை இல்ல. கூகுள்ல தேடி, மலையேறுறவங்க போடுற தோல் பூட்ஸ் ஒண்ணைப் பார்த்து வரைஞ்சேன். ஏழாவது நாள் பாஸ்போர்ட். எங்க வீட்டுல யார்கிட்டயும் பாஸ்போர்ட் கிடையாது. அதுவும் கூகுள்தான்.

இதுக்கு நடுவுல ஆறாவது நாள்தான் என்னைக் கவுத்தது. அன்னைக்கு வார்த்தை ட்ரெக். எனக்கு உடனே சந்தோஷம். நான் வடக்கனந்தல்காரன். மொட்டை மாடியில ஏறி நின்னா மேற்கே கல்வராயன் மலை வரிசையா நிக்கும். பக்கத்துல கச்சிராயபாளையம், கோமுகி அணை, அதைத் தாண்டினா மலை ரோடு. ட்ரெக்னு சொன்னா என்னை விட்டா யாருன்னு, ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து வரைஞ்சேன். கூரான மலை உச்சி, ஊசியிலை மரங்கள், ஓரத்துல மரப்பலகை வீடு, புகைபோக்கியில புகை. கீழே "கல்வராயன்" அப்படின்னு எழுதி ஸ்டேட்டஸ் போட்டேன். அறுபது பேர் பார்த்தாங்க, இதயம் நிறைய வந்தது.

வெள்ளிமலைப் பக்கத்துல இருந்து வர்ற என் கிளாஸ்மேட் ஒருத்தன் மட்டும் ஒரு கேள்வி அனுப்பினான். "மச்சான், இது எங்க ஊர்ல எந்தப் பக்கம்டா?"

கிண்டலா, நிஜமாத் தெரியாமக் கேட்டானான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. நான் திரும்ப அந்தப் படத்தைப் பார்த்தேன். கல்வராயன் அப்படிக் கூரா இருக்காது. மேல போகப் போகத் தட்டையா விரியும், மேலேயே மரவள்ளி, சாமைக் கொல்லை எல்லாம் இருக்கும். அந்த மலையை நான் பிறந்ததுல இருந்து பார்க்குறேன். ஆனா பேனா கையில வந்ததும் வந்தது பின்ட்ரெஸ்ட்ல பார்த்த ஏதோ ஒரு குளிர்நாட்டு மலை. படத்தை டெலீட் பண்ணிட்டேன். ஏழு, எட்டு ரெண்டு நாளும் கடமைக்கு வரைஞ்சேன். ஒன்பதாம் நாள் வரையல.

இதை ஒரு சின்ன விஷயம்னு நீங்க நினைக்கலாம். எங்க மாவட்டத்துல இருந்து வர்றவங்களுக்கு இது சின்ன விஷயம் இல்ல. 2019 நவம்பர்லதான் விழுப்புரத்துல இருந்து பிரிஞ்சு கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆச்சு. அப்போ "எங்க இருக்கு அது?"னு கேட்டாங்க. 2024 ஜூன்ல கருணாபுரம் விஷச்சாராயச் சாவுகளுக்கு அப்புறம் யாரும் அப்படிக் கேட்கிறது இல்ல. "ஓ, அந்த ஊரா?"னு கேட்குறாங்க. இன்டர்வியூவுக்குப் போன இடத்துல கூட ஒருத்தர் அப்படித்தான் ஆரம்பிச்சார். கள்ளக்குறிச்சின்னு தேடினா டிவி கேமரா எடுத்த படங்கள்தான் முன்னாடி வரும். அந்த ஊர்க்காரன் நானே மையும் பேப்பரும் எடுத்து, அந்த மலையை வேற எவனோ ஊர் மலையா வரைஞ்சு, மேல நம்ம மலை பேரை எழுதினேன். அதுதான் உறுத்துச்சு.

லிஸ்ட் மேல முழுப் பழியையும் போட முடியாது, அதையும் சொல்லிடுறேன். அதே 2024 லிஸ்ட்ல பத்தொன்பதாவது நாள் ரிட்ஜ், இருபத்தஞ்சாவது நாள் ஸ்கேர்குரோ. ரெண்டும் எங்க ஊருக்குன்னே கொடுத்த மாதிரி வார்த்தைங்க. மலை முகடும் சோளக்கொல்லை பொம்மையும் எங்க கிட்ட இல்லாமயா? நான் அதுவரைக்கும் போகலை, அவ்வளவுதான். இந்தக் கட்டுரையோட முதல் டிராஃப்டைப் படிச்ச எங்க எடிட்டர் தோழி ஒருத்தி கேட்டா: "கொடுத்த வார்த்தைக்குக் கற்பனையா ஏதாவது யோசிக்கிறதுதானே சவாலே? பாஸ்போர்ட்னா பாஸ்போர்ட்டையே வரையணுமா? உங்க அம்மாவோட ரேஷன் கார்டை வரைஞ்சிருக்கலாமே?" நல்ல பதில். அந்த நேரத்துல எனக்குத் தோணலை. ஆனா அவ சொல்றதுலயே என் வாதமும் இருக்கு. ரேஷன் கார்டை வரையணும்னா அதை எடுத்து மேஜை மேல வெச்சுப் பார்க்கணும். ஒரு நாள்ல, ரெண்டு இன்டர்னலுக்கும் ஒரு ரெக்கார்டுக்கும் நடுவுல, யோசிக்க அரை மணி, வரைய ஒரு மணி, ஃபோட்டோ எடுத்து வெளிச்சம் சரி பண்ணிப் போட அரை மணின்னு ஓடுறப்போ, மனசு கூகுளைத்தான் தேடும்.

சரி, திறமை வளருமான்னு கேளுங்க. அதுக்குத்தானே வர்றோம்.

மை கத்துக்கொடுக்கிறது ஒண்ணு இருக்கு, அது நிஜம். நம்ம எல்லாரும் கேட் சாஃப்ட்வேர்ல கன்ட்ரோல் இசட் போட்டே வளர்ந்தவங்க. ஃபர்ஸ்ட் இயர் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ்ல கூட பென்சில், ரப்பர் உண்டு. மையில அது கிடையாது. கோடு போடுறதுக்கு முன்னாடியே அது எங்க முடியும்னு தெரிஞ்சிருக்கணும். முதல் வாரம் என் கோடெல்லாம் முடி முடியா இருந்தது, சின்னச் சின்னதாக் கீறிக் கீறிச் சேர்த்திருப்பேன். பயந்த கோடு. எட்டு நாள்ல அது கொஞ்சம் குறைஞ்சது. அந்த அளவுக்கு இந்தச் சவால் வேலை செஞ்சது.

ஆனா கோடு தைரியமா வந்தா படம் சரியா வந்துடாது. கை எலும்பு தெரியாதவன் 31 நாள் தப்பான கையை வரைஞ்சா, 32-வது நாள் தப்பான கையை ரொம்ப வேகமா வரைவான். தினமும் வேற வேற பொருள்னு ஓடினா எந்தத் தப்பையும் திரும்பப் போய்ப் பார்க்க மாட்டோம். லேப்ல ஒரே ரீடிங்கை மூணு தடவை எடுக்கச் சொல்றாங்களே, எதுக்கு?

இந்த வருஷம் மே மாசம் லீவுல ஊர்ல இருந்தப்போ வேற மாதிரி முயற்சி பண்ணினேன். ஒரே பொருள், பத்து நாள். எங்க தெரு ஓரத்துல தினமும் ஒரு பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் நிக்கும். காலையில புல்லுக்கட்டு ஏத்திக்கிட்டு வரும். ஓனர் டீக்கடையில இருக்குற இருபது நிமிஷம்தான் எனக்கு டைம். முதல் நாள் படத்துல ரெண்டு சக்கரமும் வேற வேற வண்டியோடது மாதிரி இருந்தது. மூணாவது நாள்தான் முன்பக்க ஃபோர்க் நேரா நிக்காது, சாய்ஞ்சிருக்கும்னே கவனிச்சேன். இதை நான் சொல்றது வெட்கம், ஏன்னா நான் படிக்கிறது மெக்கானிக்கல். அஞ்சாவது நாள் செயின் எங்க இருந்து எங்க போகுதுன்னு புரிஞ்சது. எட்டாவது நாள் புல்லுக்கட்டோட பாரத்துல பின்னாடி டயர் எவ்வளவு அமுங்குதுன்னு தெரிஞ்சு, அந்த அமுக்கத்தை ஒரே கோட்டுல போட்டேன். அந்தக் கோட்டை அவர் பார்த்துட்டு, "காத்து கம்மியா இருக்குன்னு சொல்றியா?"ன்னு கேட்டுட்டு நேரா பஞ்சர் கடைக்குப் போனார். என் படத்துக்கு இதுவரை கிடைச்சதுலேயே பெரிய பாராட்டு அது.

இது நான் கண்டுபிடிச்சதும் இல்ல. நம்ம ஆளுங்க ஏற்கெனவே இதைத்தான் பண்ணியிருக்காங்க. துறையூர் பக்கத்துக் கீராம்பூர்ல பிறந்த ஆதிமூலம், சென்னை ஓவியக் கல்லூரியில படிச்சவர், 1969-ல காந்தி நூற்றாண்டு வந்தப்போ காந்தியை மட்டும் நூறு கோட்டோவியமா வரைஞ்சார். ஒரே கிழவர், ஒரே கண்ணாடி, நூறு தடவை. அந்தக் கோடுகளைத் தேடிப் பாருங்க. ஒரு தோளுக்கு ரெண்டே கோடுதான் இருக்கும், ஆனா அது காந்தியோட தோள்தான்னு தெரியும். ஆனந்த விகடன்ல 'தென்னாட்டுச் செல்வங்கள்' வரைஞ்ச சில்பி, சிற்பம் இருக்குற கோயிலுக்கே போய் அது முன்னாடி உட்கார்ந்து வரைஞ்சவர். கல்லு மழமழன்னு இருக்குற இடம், உளி பட்ட இடம், விளக்குப் புகை ஏறின இடம் எல்லாத்தையும் கோட்டோட நெருக்கத்துல காட்டுவார். 'பொன்னியின் செல்வன்' கல்கியில தொடங்கினதும் ஒரு அக்டோபர் கடைசியிலதான், 1950-ல. மூணு வருஷத்துக்கு மேல வாரா வாரம் மணியம் அதுக்கு வரைஞ்சார். அவங்களுக்கும் டெட்லைன் இருந்தது. ஆனா பார்த்ததை வரைஞ்சாங்க, பார்க்க முடியாததுக்கு முன்னாடி நிறையப் பார்த்துட்டு வந்தாங்க.

இவ்வளவு பெரிய பேரெல்லாம் எதுக்கு, எங்க வீட்டு வாசலுக்கு வாங்க. மார்கழி மாசம் முழுக்க, விடியறதுக்கு முன்னாடி, தினமும் ஒரு கோலம். எங்க அம்மா அதை ஒரு நாளும் சவால்னு சொன்னதில்ல. அவங்ககிட்ட ஒரு பழைய டைரி இருக்கு, உரக்கடைக்காரர் கொடுத்தது. அதுல நீல மைப் பேனாவால புள்ளி வெச்சு, "15 புள்ளி, ஊடுபுள்ளி, 8-ல் நிறுத்தவும்"னு எழுதி, கோலம் கோலமா வரைஞ்சு வெச்சிருக்காங்க. ரப்பர் இல்ல. சிக்குக் கோலத்துல கம்பி எங்க தொடங்கி எங்க முடியுதுன்னு முன்கூட்டியே தெரியாம மாவை எடுக்கவே மாட்டாங்க. நான் எட்டு நாள்ல கத்துக்கிட்ட கோட்டுத் தைரியம் அவங்களுக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே வந்துடுச்சு. கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர்களுக்கு ஒரு தகவல்: சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியில இருந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனோட சேர்ந்து, 1974-லேயே கோலத்தை ஃபார்மல் லாங்குவேஜ் தியரியோட இணைச்சு ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்காங்க. ஆட்டோமேட்டா சப்ஜெக்ட்ல கிராமர் படிக்கிறப்போ தூங்காம இருக்க இது உதவலாம்.

இப்போ மைக்கு வர்றேன். எனக்கு இதுலதான் அதிக ஆர்வம், கொஞ்சம் நீளமாப் போனா மன்னிச்சுக்கங்க.

சவால்னதும் எல்லாரும் முதல்ல பேனா வாங்க ஓடுறோம். வெளிநாட்டு ஃபைன்லைனர் ஒண்ணோட விலையில மெஸ்ல ரெண்டு வேளை சாப்பிடலாம். கேம்லின் ட்ராயிங் இங்க் ஒரு பாட்டிலும் ஒரு நிப்பும் போதும்னு நினைச்சு நானும் அதைத்தான் வாங்கினேன். அந்த மாதிரி மை அடிப்படையில கரிதான். புகைக்கரியைப் பிசினோட கலக்குறது. ஓலைச்சுவடியில எழுத்தாணியால கீறிட்டு மேல தேய்ச்சதும் கரிதான். கரி பேப்பர் மேல உட்காரும், வெயில்ல வெளுக்காது.

அந்த வெள்ளிமலைக் கிளாஸ்மேட் இருக்கான்ல, அவன்கிட்ட மே மாசம் மன்னிப்பு மாதிரி எதையோ பேசிக்கிட்டு இருந்தேன். அப்போ அவன் சொன்னான், கடுக்காயை அருவாளால வெட்டினா அருவாள் கறுத்துப்போகும்னு. கல்வராயன்ல கடுக்காய் நிறைய, பொறுக்கிட்டு வந்து விக்கிறவங்க உண்டு. எனக்கு அங்கேயே மண்டையில மணி அடிச்சது. கடுக்காய்ல டானின் அதிகம், அதனாலதான் தோல் பதனிடுறதுக்கும் அதைப் பயன்படுத்துறாங்க. டானின் இரும்போட சேர்ந்தா கறுப்பு. கலம்காரித் துணியில வர்ற கறுப்பும் இதே வேதியியல்தான், கடுக்காய்ல ஊறின துணி மேல இரும்பு, வெல்லம் ஊறின தண்ணி. ஐரோப்பாவுல பல நூறு வருஷம் எழுதினதும் இதே இனத்து மையிலதான், அங்க கடுக்காய்க்குப் பதிலா ஓக் மரத்துல வர்ற ஒரு காய் மாதிரி வீக்கம்.

அவன் ஒரு பை கடுக்காய் கொடுத்தான். கொட்டையை எடுத்துட்டு இடிச்சு, அரை லிட்டர் தண்ணியில போட்டுப் பாதியா வத்துற வரைக்கும் கொதிக்க வெச்சு, பழைய வேட்டித் துணியில வடிகட்டினேன். கள்ளக்குறிச்சி நாட்டு மருந்துக் கடையில அன்னபேதி கிடைக்கும், அது வேற ஒண்ணும் இல்ல, நம்ம லேபுல பார்க்கிற பச்சை நிற ஃபெரஸ் சல்ஃபேட். அதைக் கொஞ்சமாப் போட்டதும் டீ நிறத்துல இருந்த தண்ணி ஒரு நொடியில கறுத்தது. ஒட்டுறதுக்குக் கொஞ்சம் கருவேலம் பிசின். நிப்பைத் தொட்டு எழுதினா முதல்ல சாம்பல் நிறத்துலதான் விழும். ஏமாந்துடாதீங்க. காத்துல இருக்குற ஆக்சிஜன் பட்டு, ஃபெரஸ் ஃபெரிக்கா மாற மாற, கண்ணு முன்னாடியே கோடு கறுத்துக்கிட்டு வரும். காலையில போட்ட கோடு சாயந்திரம் வேற ஆழத்துல இருக்கும். இந்த மை பேப்பர் மேல உட்காராது, உள்ள இறங்கும். அமிலம் இருக்குறதால வருஷக் கணக்குல பேப்பரையும் அரிக்கும், அதையும் தெரிஞ்சுக்கங்க.

அம்மா அந்தப் பாத்திரத்தைத் திரும்பச் சமையலறைக்குள்ள விடலை.

அந்த மையாலதான் கல்வராயனைத் திரும்ப வரைஞ்சேன். இந்தத் தடவை மொட்டை மாடியில உட்கார்ந்து, ஃபோனைக் கீழயே வெச்சுட்டு. ஒரு வாரம் தினமும் அதே மலை. காலையில பனியில முகடு மட்டும் தெரியும், மத்தியானம் சரிவுல மடிப்பு தெரியும், மழை இறங்கினா மலையே காணாமப் போயிடும். அஞ்சாவது படத்தை அவனுக்கு அனுப்பினேன். "இந்த இறக்கத்துக்குப் பின்னாடிதான் எங்க ரோடு வளையும்"னு படத்து மேல விரலால ஒரு வட்டம் போட்டு அனுப்பினான். அந்த வளைவை நான் படத்துல போடலை. ஆனா அவன் அதைத் தேட முடிஞ்சது.

யாராவது கேட்பீங்கன்னு தெரியும்: ஏஐ-ல "கல்வராயன், இங்க் ஸ்டைல்"னு அடிச்சா ரெண்டு செகண்ட்ல வருமே? அடிச்சுப் பார்த்தேன். ஊசியிலை மரம் வந்தது. என் ஆறாவது நாள் படமும் அதுவும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தது.

அதனால என் யோசனை இதுதான், பிடிச்சா எடுத்துக்கங்க. லிஸ்ட்டை விட்டுடுங்க. உங்க ஹாஸ்டல் ஜன்னல், உங்க ஊர் பஸ், மெஸ் அண்ணன் தோசை திருப்புற கை, எதுவா இருந்தாலும் தினமும் நேர்ல பார்க்க முடியுற மூணு நாலு பொருளை எடுத்துக்கிட்டு, ஒவ்வொண்ணையும் ஒரு வாரம் வரைங்க. மாசம் முடியற வரைக்கும் எங்கேயும் போடாதீங்க. கஷ்டம்தான், எனக்கும் கை அரிச்சது. ஒரு நாள் விட்டுப் போனா விட்டுப் போகட்டும். இங்க்டோபர் விதியிலயே ஒரு நாள் விட்டு ஒரு நாளோ, வாரத்துக்கு ஒண்ணோ வரைஞ்சா போதும்னு இருக்கு. அதை யாரும் படிக்கிறதில்ல.

மாசமும் அக்டோபராவே இருக்கணும்னு ஒண்ணும் இல்ல. நமக்கு அக்டோபர்னா இன்டர்னல், ப்ளேஸ்மென்ட், ப்ராஜெக்ட் ரிவ்யூ. போதாததுக்கு வடகிழக்கு மழை வேற, ஈரக் காத்துல ரெக்கார்டு நோட்டுப் பேப்பர்ல மை பூரான் மாதிரி பரவும். நான் இந்த வருஷம் டிசம்பர் 16-க்கு மாத்திட்டேன், மார்கழி முதல் நாள். செமஸ்டர் முடிஞ்சிருக்கும், ஊர்ல இருப்பேன். அம்மா வாசல்ல கோலம் போடுற நேரத்துல திண்ணையில உட்கார்ந்து அவங்க கையை வரையறதா பிளான். கேட்டதுக்கு, "எனக்கு வெளிச்சத்தை மறைக்காம உட்காரு"ன்னு மட்டும் சொன்னாங்க.

கடுக்காய் மை ஒரு பாட்டில் மிச்சம் இருக்கு. வேணும்னா பாய்ஸ் ஹாஸ்டலுக்கு ஒரு சின்ன டப்பாவோட வாங்க, ஊத்தித் தர்றேன். நிப்பைத் தொட்டு எழுத மட்டும்தான். ஃபவுண்டன் பேனாவுக்குள்ள ஊத்தி, அது அரிச்சுப் போச்சுன்னு என்கிட்ட சண்டைக்கு வரக் கூடாது.